வங்கிதான் கடன்காரன்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. காசோலை மோசடியில் போகும் காசு ஒரு வேதனை என்றால், அப்புறம் வங்கி கணக்கைப் பூட்டுவது அதைவிடப் பெரிய வேதனை.

ஒரு மளிகைக்கடை. சப்ளையருக்குக் கொடுத்த காசோலையில் தொகையை யாரோ திருத்திவிட்டார்கள். முதலாளியே அதைக் கவனித்து, போலீஸில் புகார் கொடுத்து, வங்கிக்கும் சொன்னார். வங்கியோ மிச்சமிருந்த பணத்தையும் சேர்த்து முடக்கியது. எப்போது கேட்டாலும் "ரிவியூவில் இருக்கிறது" என்ற ஒரே பதில். சம்பளம் 7 நாளுக்குள் போட வேண்டும், ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு 14ஆம் தேதி கெடு.

"ஏம்மா, திருட்டுக் கொடுத்தவன் நானு, திருடன் மாதிரி நிக்கிறேனே" என்றார்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் எழுத்துல கேளுங்க. இது போலீஸ் உத்தரவா, வங்கியோட முடிவா?" என்றேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் போலீஸ் முடக்கியிருந்தால் வங்கியிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. வாடகை, மருந்து போன்ற அடிப்படைச் செலவுக்கு நீதிமன்றத்திடம் கேட்க அதிலேயே வழி உண்டு. வங்கி தானாக முடக்கினால் கதை வேறு. கணக்கில் போட்ட பணத்துக்கு வங்கி நமக்குக் கடன்காரன், அதாவது நமக்குத் திருப்பித் தர வேண்டியவன், என்பது 1848இல் இங்கிலாந்தில் நடந்த ஃபோலி எதிர் ஹில் வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம். காரணமின்றித் தர மறுத்தால் அது ஒப்பந்த மீறல்.

வங்கிப் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. சந்தேகப் பரிவர்த்தனை பற்றி வங்கி அதிகாரிகளிடம் புகார் செய்திருந்தால் அதை நம்மிடம் வாய்விட்டுச் சொல்வதே குற்றமாகலாம். கணக்கு திறக்கும்போது நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பொடி எழுத்து நிபந்தனைகளும் அவர்களுக்குத் துணை. ஆனாலும் சர்ச்சை ஒரு காசோலையில் இருக்க, முழுக் கணக்கையும் பூட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடிதம் போனது. முடக்கியது வங்கிதான் என்று பதில் வந்தது, கூடவே சர்ச்சையில்லாத பணமும் விடுபட்டது. திருத்தப்பட்ட காசோலைக்கு மட்டும் தகராறு நீண்டது. நகலில் எழுத்தால் எழுதிய தொகைக்கு முன்னால் நல்ல இடைவெளி இருந்தது, வங்கி அதையே பிடித்துக்கொண்டது. 1918இல் இங்கிலாந்தின் மேக்மில்லன் வழக்கில் 2 பவுண்டு 120 ஆனதும் காசோலையில் வெற்றிடம் விட்டதால்தான், அங்கே நட்டம் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. அண்ணன், வங்கியோடு வரும் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் மையமான ஃபிட்ரெக்கிடம் போயிருக்கிறார். கடை தனியுரிமையாளர் பெயரில் இருப்பதால் அங்கே எடுத்துக்கொண்டார்கள். பிரைவேட் லிமிடெட்டாக இருந்திருந்தால் வக்கீலைத்தான் தேட வேண்டியிருக்கும்.