பழைய பெட்டிகளில் டெபியன்: ‘பாஸ்’ வந்த பிறகும் சோதிப்பது

பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) டியூஷன் எடுக்கும் அக்காவுக்காக மூன்று பழைய கணினிகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப் இரண்டு, லேப்டாப் ஒன்று. மூன்றிலும் டெபியன் 12, லினக்ஸ் வகை இயங்குதளம். அதை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. பொழுதெல்லாம் போவது பெட்டியைச் சோதிப்பதில்தான்.

முதல் டெஸ்க்டாப்பில் பெரிய கோப்பு எதையாவது நகலெடுத்தால் நடுவில் அப்படியே நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஓடும். பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்றார்கள். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியை ஓட்டினால் ‘பாஸ்டு’ என்கிறது. அந்த வரியை நான் நம்புவதில்லை. தயாரிப்பாளர் குறித்து வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது மாறும்; அதற்குள் டிஸ்க் பாதி செத்திருக்கும். சங்கதி எல்லாம் கீழே இருக்கும் அட்டவணையில். 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்த தடவைகள்.

இந்தப் பெட்டியில் 5, 197 இரண்டும் பூஜ்ஜியம். 199 மட்டும் நூற்றுக்கணக்கில். லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவுகளை டிமெசெக்கில் பார்த்தால், டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டாவின் வேகத்தை அது 1.5 ஜிபிபிஎஸ்ஸுக்கு இறக்கி வைத்திருக்கிறது. டிஸ்க்கில் குறை இல்லை, கேபிளில்தான். சில வெள்ளிக்கு வேறு கேபிள் வாங்கி மாட்டினேன். 199 என்றைக்கும் குறையாது, அதனால் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு, சில ஜிபி நகலெடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை. நிற்கவும் இல்லை.

என் மச்சான் பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் லைனில் இருக்கிறார். இன்டெல் 1972இல் இங்கே வந்ததிலிருந்து அந்தப் பக்கம் பாதி வீடுகளில் இந்தப் பேச்சுதான். “ஒரு தடவ பாஸ் ஆனதெல்லாம் கணக்கா மச்சான்? சூட்டுல போட்டு வாட்டிட்டுக் கேளுங்க,” என்றார். லேப்டாப்புக்கு அது பொருந்தியது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ முதல் சுற்றில் சுத்தம். இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையில் சிவப்பு வரிகள். எல்லாமே ஒரே முகவரி, ஒரே பிட். இரண்டு ராம் பட்டைகளையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டியதில் ஆள் யார் என்று தெரிந்தது. அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினாலும் பிழை அந்தப் பட்டையோடேயே போனது, ஆக ஸ்லாட் தப்பித்தது. கெர்னலுக்கு மெம்மேப் என்ற குறிப்பைக் கொடுத்து அந்த இடத்தை மட்டும் ஒதுக்கி வைக்கலாம்தான். பிள்ளைகள் கைக்குப் போகும் பெட்டியில் அந்த வித்தை வேண்டாம் என்று பட்டையையே எடுத்துவிட்டேன்.

கெட்ட ராம் இருந்தபோது ஏற்றிய டெபியனை அப்படியே நம்ப முடியாது இல்லையா? அதற்கு டெப்சம்ஸ். பொதிகளோடு (மென்பொருள் தொகுப்புகளோடு) வந்த எம்டி5 சரிபார்ப்புக் கணக்கை வைத்து, டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள் சரியா என்று பார்க்கும். இரண்டு கோப்புகள் மாறியிருந்தன. அந்தப் பொதிகளை டெபியனின் நிறுவும் கருவியான ஏப்டியில் மறுபடி நிறுவியதும் சரியாகிவிட்டது. அதிகம் பேர் கண்டுகொள்ளாத கருவி, எனக்குப் பிடித்தது.

சூட்டுச் சோதனைக்கு, ப்ராசஸரை வாட்டும் ஸ்ட்ரெஸ்-என்ஜி ஒரு டெர்மினலில், சூட்டைக் காட்டும் சென்சார்ஸ் இன்னொன்றில். மத்தியானம் ஏர்கான் இல்லாமல் ஓட்டினேன், டியூஷன் நடக்கும் ஹாலும் அப்படித்தான். லேப்டாப் 90 டிகிரியைத் தாண்டியது. ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும் 80க்குக் கீழே நிற்கிறது.

இரண்டாவது டெஸ்க்டாப்தான் பாக்கி. அங்கே 197இல் 16. டிஸ்க் தன்னைத் தானே முழுக்கப் படித்துப் பார்க்கும் நெடுஞ்சோதனை பாதியிலேயே படிப்புப் பிழை என்று நின்றது. உள்ளே வேண்டிய தரவு எதுவும் இல்லாததால் பேட்பிளாக்ஸை எழுதும் முறையில் ஓட்டினேன். முழு டிஸ்க்கிலும் நான்கு விதமாக எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும், இருப்பதெல்லாம் அழிந்துவிடும். காத்திருந்த செக்டர்களுக்கு அப்போதுதான் தீர்ப்பு. 197 இறங்கி 5 ஏறாமல் இருந்தால், மின்சாரம் போனபோது பாதியில் நின்ற எழுத்து என்று விட்டுவிடலாம். இங்கே 5 ஏறியது. மறுபடி ஓட்டினால் இன்னும் ஏறியது. இத்தனைக்கும் மேலே அதே ‘பாஸ்டு’!

அந்த டிஸ்க்கைக் கழற்றியாயிற்று. அடுத்து கொம்தார் பக்கம் போகும்போது ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்க வேண்டும், 240 ஜிபி போதும்.