அமெரிக்க வரலாற்றுத் தாள்: வடக்கின் பிரிவினைக் கேள்வியை நான் எழுதிய விதம்

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.ஏ. வரலாற்றில் என்னை மிரட்டிக்கொண்டிருந்த தாள் அமெரிக்க வரலாறுதான். அதில்தான் இப்போது அதிக மதிப்பெண்! உபயம், ஒரே ஒரு பெரிய வினா: உள்நாட்டுப் போருக்கு முன் வட மாநிலங்களில் எழுந்த பிரிவினைக் குரல்கள். வெளியே வந்து விசாரித்தால் பலர் அதைத் தொடவே இல்லை. கைடுகள் பிரிவினை என்றாலே 1860 டிசம்பர், தென் கரோலினா என்றுதானே ஆரம்பிக்கின்றன?

நான் பிடித்துக்கொண்டது ஒரு கேள்வியை மட்டும்: அந்த நேரத்தில் வாஷிங்டனில் யார் கை தாழ்ந்திருந்தது? இதைக் கேட்டுவிட்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும். மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் உங்கள் வழியிலேயே போங்கள்.

1803-ல் ஜனாதிபதி ஜெஃபர்சன் பிரான்ஸிடமிருந்து லூயிசியானா என்ற பெரிய நிலப்பரப்பை வாங்கினார். மேற்கே புது மாநிலங்கள் முளைத்தால் நியூ இங்கிலாந்தின் (மாசசூசெட்ஸ் முதலிய வடகிழக்கு மாநிலங்கள்) குரல் எடுபடாது. போதாக்குறைக்கு, அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கும் விதியால் தெற்குக்குப் பிரதிநிதிகள் சபையில் ஏற்கெனவே கூடுதல் இடங்கள். ஜெஃபர்சன் கட்சியிடம் தோற்றுப்போன ஃபெடரலிஸ்டுக் கட்சிக்காரர்களில் திமோதி பிக்கரிங் போன்றவர்கள் 1804-ல் வடக்குக்குத் தனிக் கூட்டமைப்பு என்று பேசத் தொடங்கினார்கள். நியூயார்க் சேராமல் அது நடக்காது. அதற்கு, அப்போதைய துணை ஜனாதிபதி ஆரன் பர் அங்கே கவர்னராக வேண்டும். பர் தோற்றார். ஃபெடரலிஸ்டுத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பரை மட்டுமல்ல, பிரிவினையையும் எதிர்த்தவர். பருடன் நடந்த துப்பாக்கிச் சண்டைக்கு முந்தின நாள், 1804 ஜூலை 10 அன்று, சக ஃபெடரலிஸ்டு செட்ஜ்விக்குக்கு எழுதிய கடிதத்தில், நாட்டைத் துண்டாடுவதால் நோய் தீராது என்கிறார். நோய் எது என்கிறார் தெரியுமா? ஜனநாயகம்! இந்த ஒரு வரியை எழுதினால் ஃபெடரலிஸ்டு மனம் முழுவதும் விடையில் வந்துவிடும்.

அப்புறம் 1807-ல் வெளிநாட்டு வணிகத் தடைச் சட்டம், துறைமுகங்கள் முடங்கின. 1811-ல் மாசசூசெட்ஸ் ஃபெடரலிஸ்டு ஜோசையா குவின்சி, லூயிசியானா மாநிலமானால் ஒன்றியப் பிணைப்பே அறுந்ததாகும், முடிந்தால் சமாதானமாக, இல்லையென்றால் பலவந்தமாகப் பிரியலாம் என்று பிரதிநிதிகள் சபையிலேயே பேசினார். அடுத்த ஆண்டு பிரிட்டனோடு போர்.

போரை எதிர்த்த நியூ இங்கிலாந்து ஃபெடரலிஸ்டுகள் கூடிய ஹார்ட்ஃபோர்ட் மாநாட்டுக்குத் தேதிகள்தான் விடை. விடைத்தாளில் இப்படியே எழுதினேன்:

- 1814 டிசம்பர் 15: மூடிய கதவுக்குள் தொடக்கம், 26 பிரதிநிதிகள்
- டிசம்பர் 24: ஐரோப்பாவின் கெண்ட் (Ghent) நகரில் பிரிட்டனோடு சமாதான உடன்படிக்கை, செய்தி இன்னும் கடல் தாண்டவில்லை
- 1815 ஜனவரி 5: மாநாடு முடிவு
- ஜனவரி 8: நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படை மீது ஆண்ட்ரூ ஜாக்சன் வெற்றி

கோரிக்கைகளோடு மாசசூசெட்ஸ் தூதர்கள் பிப்ரவரியில் வாஷிங்டன் போனபோது, ஊரே வெற்றியையும் சமாதானத்தையும் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஃபெடரலிஸ்டுக் கட்சி அதோடு படுத்துவிட்டது. மாநாடு கேட்டது பிரிவினை அல்ல, ஏழு அரசியலமைப்புத் திருத்தங்கள் (போருக்கும் புது மாநிலத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, ஐந்தில் மூன்று விதி நீக்கம், ஒரே தவணை ஜனாதிபதி முதலியன). தீவிரக்காரர்களை மிதவாதிகள் அடக்கிவிட்டார்கள் என்று தெளிவாக எழுதுங்கள்.

அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய வில்லியம் லாயிட் கேரிசன் அணிக்கு என் கேள்வி பொருந்தாது. அவர்கள் கையில் அதிகாரம் என்றுமே இருந்ததில்லை. அடிமை உடைமையாளர்களோடு ஒரே ஒன்றியத்தில் இருப்பதே பாவம் என்பது அவர்கள் வாதம். 1854 ஜூலை 4 அன்று ஃப்ரேமிங்ஹாமில் அரசியலமைப்பின் பிரதியை எரித்தது, 1857 ஜனவரியில் வூஸ்டர் பிரிவினை மாநாடு, இரண்டையும் தனிப் பத்தியாக வையுங்கள்.

விஸ்கான்சினை இந்த வினாவுக்குள் இழுக்காதீர்கள். தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அந்த மாநிலம் ஏற்க மறுத்ததும், 1859-ல் உச்ச நீதிமன்றம் ஏபிள்மன் எதிர் பூத் வழக்கில் அதைக் கண்டித்ததும் ‘செல்லாததாக்கல்’ (மத்தியச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாது என்பது) தலைப்பில் சேரும்.