சலமாங்காவில் ஒரு பருவம்: ஸ்பானியம் பயிலும் நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

ஸ்பெயினின் சலமாங்கா நகரில் ஜூன் வரை நான் தங்கப்போகும் இந்த வீட்டில் ஸ்பானியம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பது எங்கள் பாடத்திட்டத்தின் விதி. வீட்டு அம்மையார் ஓய்வுபெற்ற செவிலியர். எனக்காகப் பேச்சின் வேகத்தை அவர் குறைப்பதில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது. மதிய உணவு மூன்று மணிக்கு, இரவு உணவு ஒன்பதரைக்கு. உண்டு முடித்த பின்னும் யாரும் மேசையை விட்டு எழுவதில்லை. அக்கம்பக்கத்தார் செய்தியிலிருந்து அரசியல் வரை அங்கேதான் பேசித் தீர்க்கிறார்கள். இப்போதைக்கு நான் கேட்க மட்டுமே செய்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

ஆங்கிலம் வழியாக ஸ்பானியத்தை அணுகுபவர்கள் திணறும் ஓரிடத்தில் தமிழ் எனக்குக் கைகொடுக்கிறது. 'மே குஸ்தா எல் கஃபே' என்பது 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்ற அமைப்பிலேயே நிற்கிறது. காப்பிதான் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிவிடுகிறேன். தலைவலியைச் சொல்லும் விதமும் அப்படியே. வினையின் ஈறே பேசுபவர் யாரென்று காட்டிவிடுவதால் 'நான்', 'நீ' என்பவற்றை விட்டுவிடலாம் என்பதையும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இறந்தகாலம்தான் கடினம். இன்று சாப்பிட்டதற்கு 'ஏ கோமிதோ', நேற்று சாப்பிட்டதற்கு 'கோமி', முன்பெல்லாம் வழக்கமாகச் சாப்பிட்டதற்கு 'கோமியா'. மெக்சிகோவில் பயின்றிருந்தால் முதலிரண்டுக்கும் இடையில் இவ்வளவு கறாரான எல்லை இருந்திருக்காது. இங்கோ, வாய் திறக்கும் முன் நிகழ்ச்சி எந்தக் காலப்பகுதியைச் சேர்ந்தது என்று முடிவுசெய்தாக வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

1218இல் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ நிறுவிய பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்குச் சென்றோம். காஸ்திலிய மொழிக்கு, அதாவது இன்று ஸ்பானியம் எனப்படும் மொழிக்கு, 1492இல் இலக்கணம் எழுதிய நெப்ரிஹா இங்கே ஆசிரியராக இருந்தவர். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது துறவியும் கவிஞருமான ஃபிராய் லூயிஸ் தே லெயோன் பாடம் நடத்திய அறைதான். முரட்டு மரக்கட்டைகளே அங்கு இருக்கைகள். விவிலியத்தின் உன்னதப் பாட்டை எபிரேயத்திலிருந்து காஸ்திலியத்தில் மொழிபெயர்த்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் 1572இல் அவரைச் சமய விசாரணை மன்றம் கைதுசெய்தது. 1576 இறுதியில்தான் விடுவித்தது. மக்கள் பேசும் மொழியில் வேதத்தின் ஒரு பகுதியைக் கொடுத்ததும் குற்றமாக இருந்த நகரத்துக்கு, அதே மொழியைக் கற்க நாங்கள் எங்கெங்கிருந்தோ வந்திருக்கிறோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நேற்று லூனெஸ் தே ஆகுவாஸ், இந்நகரத்துக்கே உரிய திருநாள். தவக்காலம் முழுதும் ஊருக்கு வெளியே தோர்மெஸ் ஆற்றின் மறுகரையில் வைக்கப்பட்டிருந்த விலைமகளிர், ஈஸ்டருக்குப் பின் படகேறித் திரும்பியதை மாணவர்கள் கொண்டாடியதிலிருந்து இது தொடங்கியது என்பது வழிவழிச் செய்தி. இக்காலத்தில் குடும்பங்கள் ஆற்றங்கரைப் புல்வெளியில் கூடி, சோரிசோ என்ற தொத்திறைச்சியும் பன்றியிறைச்சியும் அடைத்துச் சுட்ட ஓர்னாசோ ரொட்டியைப் பகிர்ந்துண்ணும் நாள் அது.

நேற்று பகல் 12.33 மணிக்கு ஸ்பெயின், போர்த்துகல் இரண்டின் பெருநிலப்பரப்பிலும் மின்சாரம் நின்றுபோனது. சிறிது நேரத்தில் கைபேசித் தொடர்பும் போயிற்று. மொழிபெயர்ப்புச் செயலி இல்லை, அகராதி இல்லை; அம்மையார் அலமாரியிலிருந்து எடுத்த மின்கல வானொலி ஒன்றே எங்களுக்குச் செய்தி. அதையும் ஓர்னாசோவையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். கரை நிறைய மக்கள். வானொலி வைத்திருந்தவர்களைச் சுற்றி முன்பின் அறியாதவர்கள் கூடி நின்றார்கள். காது மந்தமான ஒரு முதியவர், அறிவிப்பாளர் என்ன சொன்னார் என்று அருகிலிருந்த என்னிடம் கேட்டார். காரணம் இன்னும் தெரியவில்லை, சில பகுதிகளில் மின்சாரம் திரும்பத் தொடங்கியிருக்கிறது, தேவையில்லாமல் பயணம் செய்ய வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு மனைவியிடம் அதை அப்படியே சொன்னார். ஒரு பயிற்சிக்காக அல்லாமல், உண்மையிலேயே ஒருவருக்குத் தேவைப்பட்ட செய்தியை இந்த மொழியில் நான் முதன்முதலாகக் கொண்டு சேர்த்தது அங்கேதான். அந்த மகிழ்ச்சியில் இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மே 22, வியாழன்

வருங்காலத்தைக் குறிக்கும் 'நீ வரும்போது' என்ற தொடருக்கு ஸ்பானியம் தனி வினைவடிவம் கேட்கிறது. ஐயத்துக்கும் விருப்பத்துக்கும் அதே வடிவம்தான். தமிழ் இங்கே துணைக்கு வரவில்லை. ஆனாலும் விதியை நினைப்பதற்கு முன்பே வடிவம் இப்போது வாயில் வந்துவிடுகிறது என்றால், அதற்கு மேசைப் பேச்சே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். இத்தகைய திட்டத்தில் சேர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மாணவர் விடுதி வேண்டாம், குடும்பத்தோடு தங்குங்கள். விடுதியில் இருக்கும் என் வகுப்புத் தோழர்கள் என்னைவிடக் கூர்மையானவர்கள். ஆனால் மாலை முழுதும் தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறார்கள்.

நேற்றிரவு ஓய்வூதிய வயது பற்றிய பேச்சில் அம்மையாரின் கருத்தை மறுத்தேன். வழக்கமாக என் வினைமுற்றுகளைத் திருத்துவதற்காக இடைமறிப்பவர், நேற்று என் வாதத்தையே எதிர்த்து இடைமறித்தார். பதினொரு மணி கடந்தும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.