நிறுத்திவிட்டவர்கள்

முதியோர் இல்லமொன்றில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கான சேர்க்கைப் படிவத்தில் 'பொழுதுபோக்குகள்' என்றொரு கட்டம் உண்டு. பெரும்பாலும் மகனோ மகளோதான் அதை நிரப்புகிறார்கள், 'டி.வி. பார்ப்பார், பேப்பர் படிப்பார்' என்பதற்கு மேல் அதில் ஏதும் இருப்பதில்லை. அப்பாவுக்கு எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று தடுமாறாமல் சொல்லும் பிள்ளைகள், அவர் எதில் மூழ்கினால் நேரம் போவது தெரியாமல் இருப்பார் என்று கேட்டால் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஆர்வம் யார் கண்ணுக்கும் படாத வேகத்தில் மெல்லக் கழன்றுபோயிருக்கும். ஆகவே, 'உங்களுக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்பதற்கு முன், 'எதை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள்' என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

'வயசாயிடுச்சு இல்லையா' என்பதுதான் எப்போதும் வரும் பதில். அதோடு பேச்சை முடித்துக்கொண்டால் ஒன்றும் தெரியவராது. சற்றுப் பொறுமையாக உட்கார்ந்தால், அந்தப் பதிலுக்குப் பின்னால் மிகச் சாதாரணமான, பல நேரங்களில் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருப்பது தெரியும். பல ஆண்டுகள் தையலில் தேர்ந்தவராக இருந்த அம்மா ஒருவர், 'கை நடுங்குது, விட்டுட்டேன்' என்றார். கையைப் பிடித்துப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. ஜன்னலோரம் உட்காரவைத்து ஊசியையும் கறுப்பு நூலையும் கொடுத்தபோது, நூலின் நுனியை ஊசிக்காதுக்குச் சற்றுப் பக்கத்தில் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தார். ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தேன், நூல் நுழைந்துவிட்டது. இரண்டு கண்களிலும் புரை முற்றியிருப்பதாகக் கண் மருத்துவர் பிறகு சொன்னார். இசைக் கச்சேரிப் பதிவுகளை விரும்பிக் கேட்டுவந்த பெரியவர் ஒருவர் திடீரென்று வராமல் போனதற்குக் காரணம், கூடத்திலிருந்து கழிப்பறை தூரமாக இருந்ததும், எல்லோரையும் தாண்டி அடிக்கடி எழுந்து போகக் கூச்சப்பட்டதும்தான். கதவோரத்து நாற்காலி ஒன்றை அவருக்கென்று ஒதுக்கியதும் மீண்டும் வரத் தொடங்கினார். சீட்டு விளையாட்டிலிருந்து விலகுகிறவர்களைப் பொறுத்தவரை நான் முதலில் சந்தேகப்படுவது காதைத்தான். நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்க வேண்டியிருப்பதை எந்த வயதிலும் யாரும் விரும்புவதில்லை.

இது வசதி சார்ந்த விஷயம் மட்டுமன்று. 2003-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வொன்று, 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வாசிப்பு, பலகை விளையாட்டுகள், இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்ததாக அது கூறியது. 'குறுக்கெழுத்துப் போட்டால் மறதி வராது' என்று குடும்பத்தினர் எங்களிடம் உறுதியாகச் சொல்வதற்கு இத்தகைய செய்திகளே வேர். ஆனால், பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு படத்தைச் சிக்கலாக்கியது. நடுவயதில் ஒருவர் எவ்வளவு ஈடுபாட்டுடன் இருந்தார் என்பதற்கும் பிற்கால மறதிநோய்க்கும் அதில் தெளிவான தொடர்பு தென்படவில்லை. மாறாக, ஈடுபாடு காலப்போக்கில் குறைந்துகொண்டே போனவர்களிடம்தான் நோய் அதிகம் காணப்பட்டது. அதாவது, கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் உள்ளே வேலையைத் தொடங்கிவிடுவதால், ஆர்வம் குறைவது நோய்க்குக் காரணமாக இல்லாமல், அதன் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். பொழுதுபோக்கை மருந்துச் சீட்டைப்போல எழுதிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கும், ஒருவர் எதையாவது நிறுத்தும்போது கூடுதலாகக் கவனிக்கத் தொடங்கியதற்கும் இதுவே காரணம்.

உடலைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவு சிக்கலானதன்று. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது உடற்சமநிலைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பயிற்சி என்றால் முகம் சுளிப்பவர்கள்கூடத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து, நீர் நிரம்பிய வாளியைத் தூக்கி நடப்பதை வேலையாக நினைப்பதில்லை.

செடி என்றதும் உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதியோர் இல்லத்தின் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், தம் அன்றாடத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று சொல்லி, விரும்பிய செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே வளர்க்கவும் விட்டார்கள். மற்றொரு தளத்தில் செடியைக் கையில் கொடுத்து, ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், எனினும் எங்கள் இல்லத்தில் நாள்தோறும் நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. அன்பின் பெயரால் எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்து அவர்களைச் சும்மா உட்காரவைப்பது பராமரிப்பில் எளிதாக நேர்ந்துவிடும் தவறு.

முன்புபோல் முடியாது என்பது உண்மையாகவே இருக்கும் நேரங்களும் உண்டு. அங்கே, உளவியலாளர்கள் பால் பால்ட்டஸும் மார்கரெட் பால்ட்டஸும் எடுத்துக்காட்டிய பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனின் வழி கைகொடுக்கிறது. வயதான பின் அவர் குறைவான இசைப்படைப்புகளைத் தேர்ந்துகொண்டார். அவற்றை அதிகமாகப் பயின்றார். வேகமான பகுதி வருவதற்கு முன் சற்று மெதுவாக வாசித்து, அடுத்து வருவதை வேகமாகத் தோன்றச் செய்தார். சதுரங்கத்தில் பொழுதெல்லாம் கழித்த ஒருவர், முழு ஆட்டம் களைப்பூட்டுகிறது என்றபோது, ஆட்டத்தின் இறுதிக் கட்டங்களை மட்டும் பலகையில் அடுக்கிக் கொடுத்தேன். இப்போது அவரே அடுக்கி மற்றவர்களை மடக்குகிறார்.

மாத அறிக்கையில் நிர்வாகம் கேட்பது, எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும்தான். யார் வருவதை நிறுத்தினார்கள், என்ன காரணம் என்பதற்கு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படிவம் நீண்டுவிடும் என்று இன்னும் ஏற்கவில்லை. அதுவரை அந்தப் பெயர்களைத் தனி நோட்டில் எழுதி, மருத்துவர் வரும் நாளில் அவரிடம் காட்டுகிறேன்.