ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி

2003-இல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு மெயில் சர்வர் போட்டுக் கொடுக்க எனக்கு இரண்டரை நாள் ஆனது. நான் தனியாகச் செய்த முதல் சர்வர் அது. ரெட் ஹாட் லினக்ஸ் 9 என்ற இயங்குதளம், அதோடு கூடவே வந்த சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருள். சிடிக்களை மாற்றி மாற்றிப் போட்டு மென்பொருளை ஏற்றும் வேலை காலை டீக்குள் முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் அந்தச் சர்வரை வெளியுலகத்தோடு பேச வைப்பதற்கே போனது.

அங்கே மெர்ச்சன்டைசர்கள் அத்தனை பேரும் இலவச மெயில் கணக்கிலிருந்துதான் பையர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். "கம்பெனி பேருலயே மெயில் போகோணுமுங்க, பையர் கேக்கறாங்க" என்றார் முதலாளி. அவர் கேட்டது அது ஒன்றுதான். நியாயமான தேவை.

சர்வருக்குள்ளேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பிப் பார்த்த மெயில் போய்ச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. கம்பெனி பெயருக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஃபயர்வாலைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. கடைசியில், சென்ட்மெயிலின் அமைப்புகளை எழுதிவைக்கும் சென்ட்மெயில்.எம்சி என்ற கோப்புக்குள் காரணம் கிடைத்தது. 127.0.0.1 என்ற உள் முகவரியில் மட்டும், அதாவது அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து வருவதற்கு மட்டும், காது கொடுக்கும்படி ஒரு வரி அங்கே இருந்தது. சர்வரைப் போட்ட கையோடு யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்று ரெட் ஹாட்காரர்கள் வேண்டுமென்றே வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது திரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கோப்புக்குள் குறிப்பாக எழுதியிருந்தார்கள், அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்காக.

சரி, வரியைத் திருத்தினேன். அதன் பிறகும் அரை நாள் போனது. அந்தக் கோப்பு எம்4 என்ற மொழியில் எழுதப்பட்டது. அதில் மேற்கோளைத் திறக்கும் குறி, கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த குறி. மூடும் குறிதான் நாம் வழக்கமாகப் போடும் ஒற்றை மேற்கோள். நான் இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோளே போட்டிருந்தேன். அந்தத் திரையில் இரண்டுக்கும் ஒரு முடி அளவுதான் வித்தியாசம். தப்பு இந்த இடத்தில் என்று சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துத்தான் கண்டுபிடித்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை, நேரம்தான் போச்சு. அடுத்து நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

முதலாளி ஜெர்மனிக்கு ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தார். ஹோட்டலிலிருந்து மெயில் அனுப்பினால் நம் சர்வர் மறுக்கிறது. இரவு பத்து மணிக்குப் போன். சர்வர் செய்தது சரி. 1998-இல் வந்த 8.9 பதிப்பிலிருந்து சென்ட்மெயில் வெளியாட்களின் மெயிலைக் கடத்திவிடுவதில்லை. அவருக்கு எப்படியாவது வழி திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், யாருக்கு வழிவிடலாம் என்று எழுதிவைக்கும் ஆக்சஸ் கோப்பில் அவருடைய ஐபி முகவரியின் முதல் எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் 'ரிலே', அதாவது கடத்திவிடு, என்று போட்டேன். அவருடைய முகவரி ஒவ்வொரு இணைப்புக்கும் மாறிக்கொண்டிருந்ததால் முழுதாக எழுத முடியவில்லை. மெயில் போய்விட்டது. அவருக்குச் சந்தோஷம், எனக்கும் தூக்கம் வந்தது.

முதல் எண்ணை மட்டும் எழுதினால், அதில் தொடங்கும் 1 கோடியே 67 லட்சம் முகவரிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டதாக அர்த்தம். நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால், எங்கிருந்தோ யாரோ அனுப்பிய குப்பை மெயில் ஆயிரக்கணக்கில் வரிசையில் நிற்கிறது. எங்கள் ஐபி குப்பை மெயில் அனுப்புகிறவர்களின் கறுப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. சாம்பிள் அப்ரூவலுக்குப் போன பதில், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் திரும்பி வந்தன. "தம்பி, பையர் நாம பதிலே போடலைன்னு நெனச்சுட்டாருங்க" என்றார் ஒரு மெர்ச்சன்டைசர். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. பட்டியலிலிருந்து வெளியே வர இரண்டு வாரம் ஆனது.

பாஸ்வேர்டு கேட்டுவிட்டு மெயில் அனுப்பவிடும் முறை அப்போது இல்லாமல் இல்லை. 1999-லேயே அதற்கு ஆர்எஃப்சி என்ற இணைய விதிமுறை ஆவணம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சர்வரில் அதை இயக்க வேண்டுமானால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சாஸ்ல் சேவையைத் தனியாக ஓடவிட வேண்டும், சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் உருவாக்க வேண்டும், எம்சி கோப்பில் சில வரிகளை உயிர்ப்பிக்க வேண்டும், ஒவ்வொரு ஆளின் கம்ப்யூட்டரிலும் ஒரு டிக் போட வேண்டும். சரியான வழிக்கு ஒரு முழு நாள் வேலை. ஆபத்தான வழிக்கு ஒரே ஒரு வரி. ராத்திரி பத்து மணிக்கு ஒருவன் எதைச் செய்வான்? ஒரு இன்ஸ்டாலர் எவ்வளவு நல்லது என்பதை நான் அளப்பது இந்த இடத்தில்தான். சரியானதைச் செய்வது எளிதாகவும் தப்பைச் செய்வது சிரமமாகவும் இருக்கிறதா? எத்தனை கிளிக்கில் முடிகிறது என்பதெல்லாம் அப்புறம்.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறியபோது முதல் ஆறுதல் கிடைத்தது. ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் வீட்சே வெனெமா எழுதி 1998-இல் வெளியிட்ட மெயில் சர்வர் மென்பொருள். அதன் மெயின்.சிஎஃப் கோப்பில் பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். மேற்கோள் குறிச் சண்டையே கிடையாது. டெபியன் என்ற லினக்ஸில் அதை ஏற்றினால் நேரடியாக மெயில் அனுப்பும் சர்வரா, இன்னொரு சர்வர் வழியாக அனுப்புவதா, இந்த இயந்திரத்துக்குள் மட்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடும். 2003-இல் இந்த ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் நான் உண்மையிலேயே நெகிழ்ந்துபோனது ஜிம்ப்ரா என்ற மெயில் சர்வர் மென்பொருளின் இன்ஸ்டாலரைப் பார்த்துத்தான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, 2010 வாக்கில். இன்ஸ்டால் தொடங்கிய சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. மேலே தொடர முடியாது, ஈடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துங்கள் என்ற செய்தி. எந்த முகவரிக்கு எந்தப் பெயர் என்று இயந்திரத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் கோப்பு அது. அதில் வர வேண்டிய வரி எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்றும் செய்திக்குக் கீழேயே இருந்தது: முதலில் ஐபி, அடுத்து முழுப் பெயர், அடுத்து குறும்பெயர். அப்படியே எழுதினேன், மேலே ஓடியது. அடுத்து, இந்த டொமைனுக்கு எம்எக்ஸ் பதிவு கிடைக்கவில்லையே, பெயரை மாற்றுகிறீர்களா என்று கேட்டது. மெயில் வந்துசேரும் 25-ஆம் போர்ட்டை வேறு ஏதாவது மென்பொருள் பிடித்திருந்தால் அதையும் சொல்லிவிடும். கடைசியில் வரும் மெனுவில் இன்னும் நிரப்பாத இடங்களுக்கு முன்னால் நட்சத்திரங்கள். அட்மின் பாஸ்வேர்டு வைக்காமல் விட்டால் நட்சத்திரம் போகாது, நட்சத்திரம் இருக்கும்வரை மேலே விடாது.

என்னைப் போல எங்கோ உட்கார்ந்து அரை நாள் தொலைத்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் பக்கமும் இதேதான் நடந்தது. 2003 பதிப்புக்கு என்என்டிபி, எஸ்எம்டிபி, ஏஎஸ்பி டாட் நெட் என்ற விண்டோஸ் பகுதிகள் எல்லாவற்றையும் நாமே முன்கூட்டி ஏற்றி வைக்க வேண்டும். 2010 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக்கில், தேவையான விண்டோஸ் பகுதிகளை அதுவே போட்டுக்கொள்ள ஒரு டிக் பெட்டி வந்தது.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பல வருஷம் சொந்தமாக உருவாக்கிய சான்றிதழை வைத்துவிட்டு, எச்சரிக்கை வந்தால் 'யெஸ்' கொடுங்கள் என்று ஊழியர்களுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்தோம். எச்சரிக்கையைப் படிக்காதே என்று பழக்குவதுதானே அது? சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 கடைசியில் எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகு, 90 நாள் சான்றிதழ் இலவசமாக வருகிறது, தானே புதுப்பித்துக்கொள்கிறது. இப்போது வருகிற இன்ஸ்டாலர்கள் பல அதையும் கையோடு செய்துவிடுகின்றன.

போன மாதம் ஈரோட்டில் ஒரு கம்பெனியில், எங்களோடு சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையனிடம் சர்வரைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெயில்-இன்-எ-பாக்ஸ் என்ற மெயில் சர்வர் தொகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டான். வெளியூரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு பாஸ்வேர்டு கேட்டுத்தான் வழிவிடும், அது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். அதற்கு அவன் எந்த வரியையும் எழுதவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

பிறகு சோதனைப் பக்கத்தைத் திறந்தான். மெயில் உண்மையிலேயே இந்தக் கம்பெனியிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் பச்சை. கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இந்த மூன்றையும் கட்டாயம் கேட்கின்றன. இந்தக் கம்பெனி அவ்வளவு அனுப்பாது, இருந்தாலும் இவை இல்லாமல் நான் ஒப்படைக்க மாட்டேன்.

"அண்ணா, ஒண்ணு மட்டும் செவப்பாவே நிக்குதுங்க" என்றான்.

ரிவர்ஸ் டிஎன்எஸ். ஐபியிலிருந்து பெயரைத் தேடினால் இணைய நிறுவனம் வைத்த ஏதோ ஒரு பெயர் வருகிறது. அதை மாற்றும் அதிகாரம் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. எந்த இன்ஸ்டாலராலும் அங்கே கை வைக்க முடியாது. ஆனால் இன்ன பெயர் இருக்க வேண்டும், இப்போது இன்ன பெயர் இருக்கிறது என்று அந்தப் பக்கம் எழுதிக் காட்டியது. அதை அப்படியே எடுத்து மெயிலில் போட்டு அவர்களுக்கு அனுப்பச் சொன்னேன். 2003-இல் இதே விஷயத்தை போனில் விளக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது, எதைக் கேட்பது என்றே தெரியாமல்.

மறுநாள் சாயங்காலம் அவன் போன் செய்தான். பச்சையாகிவிட்டதாம். டிஸ்பாட்ச் செக்‌ஷனில் இருக்கும் அம்மாவிடம் முதல் இன்வாய்சை அனுப்பச் சொல்லியிருக்கிறான். பையரிடமிருந்து பதில் வரும்வரை அங்கேயே இருந்துவிட்டு வருகிறேன் என்றான். சரிப்பா, இரு என்றேன்.