கிப்புக் கயிற்றில் பெருவின் வரலாறு: இதுவரை வந்த வேலை

கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைக்கும் முறைக்குப் பெயர் கிப்பு. பெரு நாட்டின் வரலாற்றை, அங்கே ஸ்பானியருக்கு முன் ஆண்ட இன்காக்களின் இந்தக் கிப்பு முறையில், ஒரே கயிற்றில் முடிச்சுகளாகப் போட்டுவிடுவது, இதுதான் திட்டம். காரல் நகரம் எழுந்த கி.மு. 2600-ல் தொடங்கி, ஸ்பானிய ஆட்சியைத் தாண்டி, சுதந்திரம் வரை. பாதிக்கு மேல் வந்தாச்சு. நூல் வேலை பிடித்தவர்களுக்கும் வரலாறு பிடித்தவர்களுக்கும் ஏதாவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் நூல். அசல் கிப்புகள் பருத்தியிலும் லாமா, அல்பாக்கா ரோமத்திலும் செய்யப்பட்டவை. அல்பாக்காவுக்கு நான் எங்கே போவது? மேக்ரமே என்ற முடிச்சுக் கைவேலைக்கு விற்கிற முறுக்கிய பருத்தி நூலையே வாங்கிக்கொண்டேன். குறுக்கே போகும் தாய்க்கயிற்றுக்குத் தடிமனானது, அதிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாகத் தொங்கும் கயிறுகளுக்கு 2 மி.மீ. முறுக்கு தளர்வாக இருந்தால் முடிச்சு அமுங்கிப்போய் எண்ணவே வராது. வாங்கும்போது அதை மட்டும் பாருங்கள்.

எண் போடும் முறை நாம் பள்ளியில் படித்த பத்தடிமானம்தான். அமெரிக்கரான லீலண்ட் லாக் 1912-ல் இதை விளக்கி எழுதினார். தாய்க்கயிற்றை ஒட்டி மேலே ஆயிரம், அதற்குக் கீழே நூறு, பிறகு பத்து, அடியில் ஒன்று. ஆயிரம், நூறு, பத்துக்கெல்லாம் சாதா முடிச்சு. ஒன்றாம் இடத்துக்கு மட்டும் நீள் முடிச்சு: இரண்டு என்றால் இரண்டு சுற்று, எட்டு என்றால் எட்டுச் சுற்று. ஒரே சுற்றில் நீள் முடிச்சு போட முடியாது என்பதால், ஒன்றுக்கு எட்டு வடிவ முடிச்சு. பூஜ்யத்துக்கு வெறும் இடைவெளி. ஆக 1532 என்பது ஒரு முடிச்சு, ஐந்து முடிச்சு, மூன்று முடிச்சு, கடைசியில் இரண்டு சுற்று.

நீள் முடிச்சில்தான் கை பழக வேண்டும். சுற்றுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியை மெதுவாக இழுக்க வேண்டும். விட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உருண்டையாகிவிடும். பின்னல் ஊசியைக் கூடவே வைத்துச் சுற்றி, நுனியை உள்ளே விட்டபின் ஊசியை உருவினால் வரிசை கலையாது. இன்கா அரசன் பச்சகூட்டி ஆட்சிக்கு வந்ததாகச் சொல்லப்படும் 1438-க்கு எட்டுச் சுற்று வேண்டும். அது ஒன்று அழகாக விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். முடிச்சு நிறைய நூலைத் தின்னும், தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இன்காக்கள் கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் எதையும் முடிந்ததில்லை, இது என் சௌகரியத்துக்கு. கி.மு. ஆண்டுகளை மேல்நோக்கி நிற்கும் கயிறுகளில் போட்டேன். அசலிலும் அப்படி மேல் கயிறு உண்டு, பெரும்பாலும் கீழே தொங்குபவற்றின் கூட்டுத்தொகையைச் சொல்ல.

அளவு வைத்தபோதுதான் விஷயம் சூடு பிடித்தது. பத்து ஆண்டுக்கு ஒரு செ.மீ. என்று தாய்க்கயிற்றில் குறித்தேன். காரலில் இருந்து, ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ கஹமார்காவில் இன்கா அரசன் அட்டவால்பாவைப் பிடித்த 1532 வரை நாலு மீட்டர் 13 செ.மீ. அதற்குள் சாவின், நாஸ்கா, மோச்சே, வாரி, சான் சான் நகரைக் கட்டிய சிமூ என்று இன்காக்களுக்கு முந்தைய நாகரிகத்தார் எல்லாரும் வருகிறார்கள். பெரு என்றவுடன் நம் நினைவுக்கு வரும் இன்காப் பேரரசு அதில் கடைசி ஒன்பதரை செ.மீ. ஸ்பானியர் ஆட்சி முப்பது செ.மீ.க்கும் குறைவு, ஒரு பள்ளிக்கூட ஸ்கேல்.

அந்த ஸ்கேலுக்குள்தான் நெரிசல். ஒரு ஆண்டுக்கு ஒரு மி.மீ. இடம், நூலோ 2 மி.மீ. 1780-ல் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த இரண்டாம் தூபாக் அமாரு 1781 மே 18-ல், இன்காக்களின் பழைய தலைநகரான கூஸ்கோவின் சதுக்கத்தில் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடமில்லை. அதனால் ஒன்றைத் தொங்கவிட்டு மற்றதை அதிலிருந்து கிளைக்கயிறாகக் கட்டினேன். அசலிலும் இப்படிக் கிளைகள் உண்டு. இதே சதுக்கத்தில்தான் 1572-ல் கடைசி இன்காவான முதல் தூபாக் அமாருவின் தலையை வெட்டினார்கள். அந்தக் கயிறு 21 செ.மீ. இடப்பக்கம் தொங்குகிறது. 1781-ல் மொத்தம் பதினேழு முடிச்சு, என் கிப்புவில் கனமான கயிறு அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த கயிறு 1561. ஹவ்ஹா பள்ளத்தாக்கின் வாங்கா இனத் தலைவர்கள் இன்காக்களை எதிர்த்து ஸ்பானியருக்குத் துணை நின்றவர்கள். பிசாரோ வந்த நாளிலிருந்து தாங்கள் கொடுத்த ஆள், லாமா, துணி, சோளம் எல்லாவற்றையும் கிப்புவில் குறித்து வைத்திருந்தார்கள். 1561-ல் லிமா நீதிமன்றத்தில் அதைப் படித்துக் காட்டினார்கள். கொடுத்தது தனி, கொள்ளை போனது தனி! எழுத்தர் ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டார். எழுத்தே இல்லாத நாகரிகம் என்று சொல்பவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் படிக்கலாம். இருபத்திரண்டே ஆண்டில், 1583-ல், லிமாவில் கூடிய திருச்சபைப் பேரவை கிப்புகளை அழிக்கச் சொன்னது. பழைய சமயத்தின் சின்னமாம். அப்படியும் முழுக்க ஒழியவில்லை. துபிகோச்சா என்ற மலைக் கிராமத்தில் ஊர்ப் பொறுப்பு கைமாறும்போது பரம்பரைக் கிப்புகளைப் புதியவர்களின் தோளில் போடும் வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது.

இப்போது நிற்கும் இடம், கயிற்றை எங்கே முடிப்பது என்பது. விடுதலைப் படைத்தலைவர் சான் மார்ட்டின் லிமாவில் சுதந்திரம் அறிவித்தது 1821 ஜூலை 28. ஆனால் ஸ்பானிய அரசரின் ராஜப்பிரதிநிதியின் படை மலைப்பகுதியில் அப்படியே இருந்தது. இன்னொரு விடுதலைத் தளபதியான சூக்ரே அதை அயகூச்சோவில் தோற்கடித்தது 1824 டிசம்பர் 9. லிமாவின் துறைமுகமான கல்யாவ் கோட்டையில் ஸ்பானியக் கொடி இறங்கியது 1826 ஜனவரியில். மூன்றுக்கும் கயிறு கட்டிவிட்டேன், மூன்றும் அரை செ.மீ.க்குள்.

ஆனால் கிப்பு அடிப்படையில் வரிக்கணக்கு. யார் எத்தனை நாள் உழைத்தான், எத்தனை மூட்டை கொடுத்தான் என்பதுதான் அதன் பேச்சு. இன்காக்களின் மித்தா என்ற முறைவேலையை ராஜப்பிரதிநிதி தொலேடோ 1570-களில் போட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்குத் திருப்பினார். மலையூர் ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் அங்கே போக வேண்டும். ஸ்பெயினில் காடிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம் அதை 1812-ல்தான் ரத்து செய்தது. பெருவின் பழங்குடிகள் மீதான தலைவரியை 1821-ல் சான் மார்ட்டின் எடுத்தார். 1826-ல், குடியரசான பிறகு, வேறு பெயரில் திரும்பி வந்தது. பெருவின் அரசியல் தலைவர் ராமோன் கஸ்தியா அதை ஒழித்தது 1854-ல். அந்த ஆண்டே அடிமை முறையையும் ஒழித்தார்.

ஆகவே என் கடைசிக் கயிறு 1854. கொடியேறிய நாளில் நிறுத்தியிருந்தால் கணக்குப் பிள்ளை சிரிப்பான். தாய்க்கயிறு இதனால் இன்னும் கொஞ்சம் நீண்டு, ஹாலில் ஜன்னல் கம்பிக்கும் நிலைக்கும் நடுவே நாலரை மீட்டருக்குத் தொங்குகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்துதான் போகிறார்கள்.

மிச்சம்: மோச்சே முதல் சிமூ வரை கட்ட வேண்டும், அந்தப் பகுதியில் இன்னும் கயிறே குறைவு. நிறமும் பாக்கி. முறைவேலை, வரி சம்பந்தமான ஆண்டுகளை மட்டும் பழுப்புக்கு மாற்றப் போகிறேன். கடுக்காயில் சாயம் ஏற்றிப் பார்க்கலாமா, கடையில் பழுப்பு நூலே வாங்கிவிடலாமா என்று யோசனை. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.