பிஎஸ்எம் 1 தேர்வு: சுறுசுறுப்பு வேறு, சுதாரிப்பு வேறு

பிஎஸ்எம் 1 (ப்ரொஃபெஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) என்பது ஸ்க்ரம்.ஆர்க் நடத்தும் சான்றிதழ் தேர்வு. ஸ்க்ரம் என்பது வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஒரு ஏஜைல் முறை. முடிவு வந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 80 கேள்வி, 60 நிமிடம், தேர்ச்சிக்கு 85 சதவீதம். கணக்குப் போட்டால் 68 சரியாக வேண்டும். 12 தவறு வரை தாங்கும், 13-வது தவறில் போச்சு. விதிகள் எல்லாம் அடங்கிய ஸ்க்ரம் கையேடு வெறும் 13 பக்கம் என்பதால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்கவும் முடியும். ஆனால் இந்தத் தேர்வில் காலை வாருவது கையேடு தெரியாமை அல்ல. ஏஜைல் என்ற சொல்லுக்கு நம் மண்டையில் ஏற்கெனவே குடியிருக்கும் அர்த்தங்கள்தான்.

பேச்சில் அது சுறுசுறுப்பு. ஆபீஸில் பாதி இடங்களில் அதற்கு அர்த்தம் “திட்டம் கேட்காதே, ஆவணம் கேட்காதே, நாளைக்குள் கொடு”. தொழில் நிர்வாகத்தில் அதற்கு வேறு வரலாறு: 1991-இல் லீஹை பல்கலைக்கழகத்தின் அயகோக்கா நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, சந்தை திரும்பும்போது ஆலையும் கூடவே திரும்ப வேண்டும் என்ற பொருளில் உற்பத்தித் துறையில் இந்தச் சொல்லைப் பரப்பியது. மென்பொருள்காரர்கள் பத்தாண்டு கழித்துத்தான் வந்தார்கள். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடியபோது, அதுவரை ‘லைட்வெயிட்’ என்று அழைக்கப்பட்ட முறைகளுக்கு ஏஜைல் என்று பெயர் வைத்தார்கள். அவர்களின் அறிக்கையும் ஆவணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கும் மதிப்புண்டு, ஓடும் மென்பொருளுக்கு அதைவிட மதிப்பு என்றுதான் சொல்கிறது.

தேர்வுக்கு உதவும் அர்த்தம் விளையாட்டு அறிவியலில் கிடைக்கிறது. கூம்புகளை நட்டு, முன்பே தெரிந்த பாதையில் வளைந்து வளைந்து ஓடினால் அது திசை மாற்றும் வேகம் மட்டுமே. எதிராளியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்கேற்பத் திரும்பினால்தான் அஜிலிட்டி. தமிழில் இதற்குக் கச்சிதமான சொல் உண்டு: சுதாரிப்பு. கால் தடுக்கியதும் விழாமல் சமாளிக்கிறோமே, அதுதான். பார்ப்பது, உணர்வது, மாற்றிக்கொள்வது. ஸ்க்ரமின் மூன்று தூண்களான வெளிப்படைத்தன்மை, ஆய்வு, தகவமைப்பு ஆகியவை இதற்குள் அடங்கிவிடும்.

ஒரு மாதிரிக் கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். ஸ்பிரிண்ட் (நாள் குறித்த ஒரு வேலைச் சுற்று) பாதியில் இருக்கிறது; எடுத்த வேலை முழுவதும் முடியாது என்று டெவலப்பர்களுக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

அ) கூடுதல் நேரம் உழைத்து முடிப்பது.
ஆ) ஸ்பிரிண்ட்டை இரண்டு நாள் நீட்டிப்பது.
இ) சோதனைகளில் சிலவற்றை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளுவது.
ஈ) ப்ராடக்ட் ஓனரோடு (எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர்) பேசி வேலையின் அளவை மாற்றிக்கொள்வது.

சுறுசுறுப்பு என்று நினைப்பவர் கை ‘அ’-வுக்குப் போகும். ஸ்பிரிண்ட்டின் நீளம் நடுவில் மாறாது, அதனால் ‘ஆ’ இல்லை. தரம் குறையக் கூடாது, அதனால் ‘இ’ இல்லை. விடை ‘ஈ’. இங்கே கெட்டியாக நிற்பது ஸ்பிரிண்ட் கோல், அதாவது அந்தச் சுற்றின் இலக்கு; வேலைப்பட்டியல் வளையும். எது வளையும், எது வளையாது என்று பிரிக்கத் தெரிந்தால் கணிசமான கேள்விகள் தானாக உடையும். ஸ்பிரிண்ட் கோலே அர்த்தமிழந்துபோனால் ஸ்பிரிண்ட்டை ரத்து செய்யலாம். ஆனால் அந்த அதிகாரம் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும். மேலதிகாரி, வாடிக்கையாளர், ஸ்க்ரம் மாஸ்டர் (ஸ்க்ரம் முறை சரியாக நடக்கத் துணைநிற்பவர்) யாருக்கும் கிடையாது.

நேர வரம்பு, ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு: திட்டமிடல் 8 மணி, ரிவ்யூ (செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்பது) 4, ரெட்ரோ (வேலை செய்த விதத்தை அலசுவது) 3. இவை அதிகபட்சம். இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றதும் நேர்பாதியாக்கி 4 மணி என்று டிக் செய்யாதீர்கள். கையேடு “வழக்கமாகக் குறையும்” என்று மட்டுமே சொல்கிறது, விகிதக் கணக்கு எதுவும் தரவில்லை. டெய்லி ஸ்க்ரம், அதாவது டெவலப்பர்களின் தினசரி சந்திப்பு, ஸ்பிரிண்ட் எவ்வளவு நீளமானாலும் 15 நிமிடம்.

கேள்விகளில் தூண்டிலாக வருபவை:

- ஸ்பிரிண்ட் ஜீரோ (தொடக்க ஏற்பாடுகளுக்கு மட்டும்), ஹார்டனிங் ஸ்பிரிண்ட் (கடைசியில் பிழை திருத்த மட்டும்): கிடையாது.
- ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவை மதிப்பிடும் எண்), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் அளவு), யூசர் ஸ்டோரி (பயனர் பார்வையில் எழுதும் தேவை): கட்டாயம் இல்லை, கையேட்டில் பெயர்கூட இல்லை.
- டெய்லி ஸ்க்ரமை ஸ்க்ரம் மாஸ்டர் நடத்துவது: தேவையில்லை. அது நடப்பதை உறுதி செய்தால் போதும்.
- ரிவ்யூ முடிந்தபிறகே வெளியிடலாம்: தவறு. முன்பே வெளியிடலாம்.
- ப்ராடக்ட் ஓனர் குழு: கிடையாது, ஒரே ஆள்.
- ஒரு ப்ராடக்டில் ஐந்து டீம்: அப்போதும் ஒரே பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), ஒரே ப்ராடக்ட் ஓனர், எல்லோருக்கும் பொதுவான ‘டெஃபினிஷன் ஆஃப் டன்’ (வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டிய தர அளவுகோல்).

பழைய மாதிரி வினாத்தொகுப்புகளை நம்பிப் பாழாய்ப் போகிறவர்கள் அதிகம். 2020 நவம்பர் பதிப்பில் நிறைய மாறியிருக்கிறது: ‘டெவலப்மென்ட் டீம்’ போய் டெவலப்பர்கள் வந்தார்கள், டெய்லி ஸ்க்ரமின் மூன்று கேள்விகள் (நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை) நீக்கப்பட்டன, டெவலப்மென்ட் டீமுக்குச் சொன்ன 3 முதல் 9 பேர் என்ற அளவு போய் முழு ஸ்க்ரம் டீமுக்கும் 10 அல்லது குறைவு என்றானது, ப்ராடக்டின் நீண்டகால இலக்கான ப்ராடக்ட் கோல் புதிதாகச் சேர்ந்தது. மூன்று கேள்விகளைக் கட்டாயம் என்று சொல்லும் தொகுப்பைக் கண்டால் உடனே மூடிவிடுங்கள்.

பயிற்சிக்கு ஸ்க்ரம்.ஆர்க் தளத்தின் இலவச ‘ஸ்க்ரம் ஓப்பன்’ போதும். 30 கேள்வி. ஒருமுறை 100 சதவீதம் வந்ததும் நிறுத்திவிடுவது பெரிய தப்பு. விடைகள் மனப்பாடமாகிவிடும், காரணம் பதியாது. ஒவ்வொரு தவறான விருப்பமும் கையேட்டின் எந்த வரியோடு மோதுகிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்களுக்கு நான் சொல்லும் முறை ஒத்துவராது.

தேர்வு நேரத்தில் ஒரு கேள்விக்கு 45 வினாடிதான். கையேட்டைத் திறந்து தேடினால் மூன்று கேள்வி போய்விடும். “எவை இரண்டு”, “எவை மூன்று” என்று கேட்கும் கேள்விகளும், “எது பொருந்தாது” என்று திருப்பிக் கேட்பவையும்தான் நேரம் தின்னும். அவற்றைக் குறியிட்டுவிட்டு நகருங்கள். ஆனால் ஏதாவது ஒரு விடையைப் போட்டுவிட்டே நகருங்கள், திரும்பி வர நேரம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முதல் சுற்று 50 நிமிடத்தில் முடிந்தால், மீதி பத்தும் குறியிட்டவைக்கு மட்டும்.